85 ரூபாய் ப்ரோக்ராமர்

2005-ல் சொந்தமாக ஒரு ப்ரோக்ராமர் கருவி செய்தபோது நான் எழுதிய கணக்குச் சீட்டு ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. 9 பின் கனெக்டர் மூடியோடு 18, டாட் போர்டு 15, 18 பின் ஐசி பேஸ் 8, கண்டென்சர் 2-க்கு 5, பிசி547 ட்ரான்சிஸ்டர் 2-க்கு 4, ஜீனர் 2-க்கு 4, டயோடு 4-க்கு 4, ரெசிஸ்டர் எல்லாம் சேர்த்து 2, வயரும் ஈயமும் 25. கூட்டினால் 85. அடியில் பெருமையாக இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறேன்.

போன வருடம் அக்கா மகன் வந்து, "மாமா, ப்ரோக்ராமர் நாமே செஞ்சிக்கலாமாம். 100 ரூபா கூட ஆகாதாம்" என்றபோது அந்தச் சீட்டைத்தான் தேடி எடுத்துக் காட்டினேன். பார்த்துவிட்டு அவன் கண் விரிந்தது. அவனிடம் நான் காட்டாதது, சீட்டின் பின்பக்கம்.

இந்த வேலையில் இல்லாதவர்களுக்கு ஒரு வரி. மைக்ரோகன்ட்ரோலர் என்பது ஒரே சிப்பில் அடங்கிய சின்னக் கம்ப்யூட்டர். வாங்கும்போது அது வெற்றுச் சிலேட்டு. கம்ப்யூட்டரில் எழுதிய நிரலை ஹெக்ஸ் ஃபைலாக்கி அதற்குள் இறக்க நடுவில் ஒரு கருவி வேண்டும். அதுதான் ப்ரோக்ராமர். அன்றைக்குச் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் நான் விசாரித்த கடையில் ரெடிமேட் ப்ரோக்ராமர் 1,800 ரூபாய் சொன்னார்கள். பாலிடெக்னிக் கடைசி வருடம் படிக்கிற பையன் அந்தக் காசை வீட்டில் கேட்டால் என்ன பதில் வரும் என்பது எனக்கே தெரியும். அதனால் சர்க்யூட்டைப் பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்துக்கொண்டு தாம்பரத்தில் ரயில் ஏறினேன்.

செய்ய நினைத்தது மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு லெவல் கன்ட்ரோலர். சிப், பிக் என்ற வகையைச் சேர்ந்த 16எஃப்84ஏ. ஹெக்ஸ் ஃபைல் தயார், சிப் 140 ரூபாய்க்கு வாங்கியாயிற்று, அதற்குள் இறக்கத்தான் வழியில்லை.

நான் எடுத்துக்கொண்ட சர்க்யூட்டுக்கு ஜேடிஎம் என்று பெயர், வடிவமைத்தவரின் பெயரின் முதலெழுத்துகள். அந்தக் காலத்துப் பையன்களிடம் அது பரவியதற்குக் காரணம், அதற்குத் தனி பவர் சப்ளையே வேண்டாம். கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டிலிருந்து (அந்த 9 பின் கனெக்டர் செருகும் இடம்) தனக்கு வேண்டியதை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் இரண்டரை வாரம் போனது அதில்தான்.

பிக் சிப்பை எழுதும் நிலைக்குக் கொண்டுபோக அதன் எம்சிஎல்ஆர் பின்னுக்கு, 84ஏ-யில் அது 4-ஆவது பின், சுமார் 13 வோல்ட் காட்ட வேண்டும். மற்ற வேலைக்கெல்லாம் 5 வோல்ட் போதும். 13 வோல்ட் எங்கிருந்து வரும்? ஜேடிஎம் செய்யும் தந்திரம் இதுதான்: சிப்பின் பிளஸ் பின்னை சீரியல் போர்ட்டின் கிரவுண்டோடு கட்டிவிடுகிறது. சிப்பின் மைனஸ் அதற்குக் கீழே, 5.1 வோல்ட் ஜீனர் (வோல்ட்டை ஒரு அளவில் பிடித்து நிறுத்தும் டயோடு) பிடித்த இடத்தில் நிற்கும். மேல் பக்கம் 8.2 வோல்ட் ஜீனர். மேலே 8.2, கீழே 5.1, நடுவில் நிற்கிறவனுக்கு மொத்தம் 13.3. போர்ட்டின் வயர் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் மாறி மாறி ஆடும் என்பதை வைத்தே முழு விளையாட்டும். முதல்முறை புரிந்தபோது எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது. ஆனால் அது எனக்குப் புரிந்தது எல்லாம் முடிந்த பிறகு.

நண்பன் வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப், விண்டோஸ் 98. அதில் ஐசி-ப்ராக் மென்பொருளைப் போட்டு, என் போர்டைச் செருகி எழுதினேன். முதல் தடவையே வேலை செய்தது. எல்இடி மின்னியது. அவன் அம்மா கேசரி செய்து கொடுத்தார்கள் (வேறு எதற்கோ செய்தது, நான் எனக்கென்று எடுத்துக்கொண்டேன்).

வீட்டுக்கு வந்து அக்கா வீட்டுக்காரரின் ஆபீஸ் லேப்டாப்பில் செருகினேன். முதலில் ப்ரிவிலேஜ்டு இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று ஒரு பெட்டி வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி போர்ட்டை நேராகத் தொட விடாது, ஐசி-ப்ராக்கோடு தனியாக வரும் டிரைவர் ஃபைலை அதே ஃபோல்டரில் போட்டு அமைப்பில் டிக் செய்ய வேண்டும். அது தெரியவே ஒரு நாள். அதைத் தாண்டினால் அடுத்த பெட்டி: வெரிஃபை ஃபெயில்டு, முகவரி 0000. அதாவது எழுதிய முதல் எழுத்தே பதியவில்லை.

இங்கிருந்துதான் சீட்டின் பின்பக்கம் தொடங்குகிறது. சிப் போய்விட்டது என்று முடிவு கட்டி இன்னொரு 84ஏ வாங்கினேன், 140. அதுவும் அதே 0000. சரி, என் சால்டரிங்தான் மோசம் என்று போர்டையே புதிதாகக் கட்டினேன், 45. ரிச்சி தெருவுக்கு இரண்டு நடை, ரயிலும் டீயும் சேர்த்து 40. பிரவுசிங் சென்டர், பிரின்ட் 60. முன்பக்கத்து 85-ஐயும் கூட்டினால் 370 ரூபாய். கல்லூரியில் சோதித்தபோது இரண்டு சிப்பும் நன்றாகத்தான் இருந்தன. பழைய போர்டும் நன்றாகத்தான் இருந்தது.

கடைசியில் கண்டுபிடித்தது 150 ரூபாய் மல்டிமீட்டர். ஐசி-ப்ராக்கில் ஹார்ட்வேர் செக் என்று ஒரு ஜன்னல் உண்டு, அதில் எம்சிஎல்ஆர் பெட்டியில் டிக் போட்டால் அந்த வயர் மட்டும் உயரும். போட்டுவிட்டு சீரியல் கனெக்டரின் 3-ஆவது பின்னுக்கும் 5-ஆவது பின்னுக்கும் (அது கிரவுண்டு) நடுவில் மீட்டரை வைத்தேன். 5.4 வோல்ட். நண்பனின் டெஸ்க்டாப்பில் அதே இடத்தில் 10-க்கு மேல். மேல் பக்கம் 8.2 வேண்டிய இடத்தில் 5.4 தான் வருகிறது என்றால் 13 எப்படி வரும்? சீரியல் போர்ட்டுக்கான ஆர்எஸ்-232 விதிப்படி லேப்டாப் செய்தது தவறும் இல்லை, குறைந்தது 5 வோல்ட் கொடுத்தால் போதும் என்றுதான் விதி. போர்ட்டையே பவர் சப்ளையாக நினைத்தது என் சர்க்யூட்டின் ஆசை.

இன்றைக்கும் பழைய ஜேடிஎம் படத்தை எடுத்துக்கொண்டு, கூடவே ஒரு யூஎஸ்பி-சீரியல் வயரும் வாங்கி, ஏன் ஓடவில்லை என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓடாது. வோல்ட் போதாது என்பது ஒன்று. ஜேடிஎம் டேட்டாவைச் சீரியல் முறையில் அனுப்புவதில்லை, பக்கத்து வயர்களை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கித்தான் பிட்டுகளைத் தள்ளுகிறது. யூஎஸ்பி வழியாகப் போனால் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் ஒரு பொட்டலம் போய்வர வேண்டும். காத்திருந்தே தலை நரைத்துவிடும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 370 என்றாலும் 1,800-ஐவிடக் குறைவுதானே. 2005-ல் நான் செய்தது சரியான முடிவுதான். நஷ்டமானது அந்த இரண்டரை வாரமும், என் மேலேயே எனக்கு வந்த சந்தேகமும். சிப்பும் புதுசு, ப்ரோக்ராமரும் புதுசு, நிரலும் புதுசு என்றால் எது தப்பு என்று கண்டுபிடிக்க ஒரு பிடிமானமும் இல்லை. அதற்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். வேலை செய்வது உறுதியாகத் தெரிந்த ஒரு சிப்பை, எல்இடி மின்னும் நிரலோடு, தனியாக ஒரு சின்ன டப்பாவில் வைத்திருப்பேன். எந்தப் புது ப்ரோக்ராமராக இருந்தாலும் முதலில் அந்தச் சிப்பை வைத்து அதன் அடையாள எண்ணைப் படித்துப் பார்ப்பேன். படித்தால்தான் அடுத்த வேலை.

2007-ல் ஏவிஆர் என்ற வேறு வகைச் சிப்கள் பக்கம் போனேன். அங்கே 13 வோல்ட் தலைவலி இல்லை. அந்த வகையில் ஒன்றான ஏடிமெகா8-க்கு நாலு வயரும் கிரவுண்டும் போதும், எல்லாம் 5 வோல்ட். கம்ப்யூட்டரின் பிரின்டர் போர்ட்டிலிருந்து ரெசிஸ்டர் வழியாக நேராக இழுத்துவிடலாம். செலவு 30 ரூபாய். இவ்வளவு மலிவாக நான் அதற்கு முன்னும் பின்னும் எதுவும் செய்ததில்லை, இவ்வளவு இழந்ததும் இல்லை.

முதலில் வயரின் நீளம். மேஜைக்குக் கீழே இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து மேலே வரை ஒன்றரை மீட்டர் ரிப்பன் கேபிள் போட்டேன். ஒருமுறை எழுதும், மூன்றுமுறை எழுதாது. வெட்டி 20 சென்டிமீட்டராக்கிக் கம்ப்யூட்டரைத் தூக்கி மேஜைமேல் வைத்ததும் ஒழுங்காக எழுதியது. நீளமான கேபிளில் கிளாக் (சிப்புக்குத் தாளம் போடும் துடிப்பு) வயரின் ஆட்டம் பக்கத்து வயரில் ஒட்டிக்கொள்கிறது. நடுநடுவே கிரவுண்டு வயர் போடச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது ஃபியூஸ் பிட். பெயரைப் பார்த்து எரிகிற ஃபியூஸ் என்று நினைக்க வேண்டாம், சிப் எந்த கிளாக்கில் ஓட வேண்டும் என்பது போன்ற அமைப்புகள் அவை. இதில் 0 என்றால் போடப்பட்டது, 1 என்றால் போடப்படாதது. போனிப்ராக் மென்பொருளில் டிக் போட்டால் 0 என்று அர்த்தம். நான் தலைகீழாக நினைத்து டிக் போட்டேன். உள் கிளாக்கில் ஓட வேண்டிய சிப் வெளிக் கிளாக்கை எதிர்பார்த்து உட்கார்ந்துவிட்டது. வெளியே ஒன்றும் இல்லாததால் ப்ரோக்ராமர் கூப்பிட்டாலும் பதில் சொல்லவில்லை. செத்துவிட்டது என்று நினைத்து இன்னொன்று எடுத்தேன், அதற்கும் அதே டிக்.

இரண்டையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது, 9-ஆவது பின்னில் எந்தக் கிளாக்கைக் கொடுத்தாலும் அது விழித்துக்கொள்ளும் என்று. ஒரு 555 ஐசியை ஆஸிலேட்டராகக் கட்டி அதன் வெளியீட்டை அங்கே கொடுத்தேன். ப்ரோக்ராமரின் வேகத்தை நன்றாகக் குறைத்தேன், சிப்பின் கிளாக்கில் நாலில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். உடனே அடையாள எண் வந்தது. ஃபியூஸைச் சரியாக எழுதினேன், இரண்டும் பிழைத்தன. கிளாக் ஃபியூஸைத் தப்பாகப் போட்ட சிப்பை இப்படிக் காப்பாற்றலாம். ரீசெட் பின்னை முடக்கும் ஃபியூஸைப் போட்டுவிட்டால் இந்த வழி உதவாது. அதற்கு 12 வோல்ட் காட்டுகிற வேறு ப்ரோக்ராமர் வேண்டும்.

மூன்றாவதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. தொட்டி கன்ட்ரோலரின் ரிலேக்கு 12 வோல்ட் அடாப்டர் போட்டிருந்தேன். போர்டைத் திருப்பும்போது அந்த வயர் எங்கோ பட்டது. சத்தமோ புகையோ ஒன்றும் இல்லை. நண்பன் வீட்டு டெஸ்க்டாப்பில் பிரின்டர் போர்ட் மட்டும் அன்றோடு சரி. அவன் அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஈடாக 450 ரூபாய்க்கு பிசிஐ கார்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பிரின்டர் அதில் ஓடியது. என் ப்ரோக்ராமர் ஓடவில்லை. பழைய மென்பொருள் 378 என்ற முகவரியைத்தான் தேடும், இந்தக் கார்டுகள் வேறு முகவரியில் உட்காரும்.

ஆக, 30 ரூபாய்க் கேபிளுக்கு உண்மையான விலை 480 ரூபாய். நடுவில் ஒரு 74எச்சி244 பஃபர் சிப் போட்டிருந்தால் அடி அதன்மேல் விழுந்திருக்கும், அதன் விலை அப்போது 15 ரூபாய்கூட இல்லை. சொந்தமாக ப்ரோக்ராமர் செய்கிறவர்கள் தங்கள் போர்டின் விலையைத்தான் கணக்கிடுகிறார்கள், அது செருகப்படும் கம்ப்யூட்டரின் விலையைக் கணக்கிடுவதில்லை. இன்றைக்கும் புதிதாகச் சால்டர் செய்த எதையும் லேப்டாப்பில் நேராகச் செருக மாட்டேன். தனி அடாப்டர் உள்ள ஒரு பழைய யூஎஸ்பி ஹப் நடுவில் இருக்கும். போனால் அது போகட்டும்.

பிக் பக்கம் இன்னொன்று இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். 12எஃப்675 மாதிரிச் சின்ன சிப்களில் நினைவகத்தின் கடைசி இடத்தில் உள் கிளாக்கைத் திருத்தும் எண் ஒன்றைத் தொழிற்சாலையிலேயே எழுதி அனுப்புவார்கள், சிப்புக்குச் சிப் வேறு. கவனமில்லாத மென்பொருள் மொத்தமாக அழிக்கும்போது அதையும் சேர்த்து அழித்துவிடும். புது சிப் கையில் வந்ததும் எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை படித்து, அந்த எண்ணைச் சிப்பின் தலையிலேயே மார்க்கரால் எழுதி வைப்பேன்.

2010 வாக்கில் லேப்டாப்களில் சீரியல், பிரின்டர் போர்ட் இரண்டும் காணாமல் போய்விட்டன. எல்லோரும் யூஎஸ்பிஏஎஸ்பி என்ற, யூஎஸ்பியில் செருகும் ஏவிஆர் ப்ரோக்ராமருக்கு மாறினார்கள். தாமஸ் ஃபிஷ்ல் என்பவர் வடிவமைத்து எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஒரு ஏடிமெகா8, ஒரு 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், நாலைந்து சில்லறைப் பொருள்கள். யூஎஸ்பி பேசத் தெரியாத சிப்பை மென்பொருளாலேயே யூஎஸ்பி பேச வைப்பதுதான் இதன் அழகு.

ஆனால் முட்டை முதலா கோழி முதலா கதை இங்கே வருகிறது. ப்ரோக்ராமருக்குள் இருக்கும் ஏடிமெகா8-க்குள் நிரலை இறக்க இன்னொரு ப்ரோக்ராமர் வேண்டும். பிக்கிட் 2 என்ற பிக் ப்ரோக்ராமரைப் பார்த்துச் செய்கிறவர்களுக்கும் இதே கதை, அங்கே 18எஃப்2550-ஐ எழுத வேண்டும். பிரின்டர் போர்ட் கேபிளால் என் முதல் யூஎஸ்பிஏஎஸ்பியை எழுதினேன். அது அந்தக் கேபிள் செய்த கடைசி நல்ல காரியம்.

எழுதிவிட்டுச் செருகினால், விண்டோஸ் டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு என்றது. கிரிஸ்டலை மாற்றினேன். ஃபியூஸைப் பார்த்தேன். நிரலைத் திரும்ப எழுதினேன். நாலு நாள். யூஎஸ்பியின் இரண்டு டேட்டா வயர்களிலும் 3.6 வோல்ட் ஜீனர் ஒவ்வொன்று கிரவுண்டுக்குப் போட்டு 5 வோல்ட்டை அடக்க வேண்டும். ரிச்சி தெருக் கடையில் ஜீனர் கேட்டபோது அண்ணன், "ஒன் வாட்டா, ஹாஃப் வாட்டா தம்பி?" என்று கேட்டார். பெரியதாக இருந்தால் தாங்கும் என்று ஒரு வாட் வாங்கினேன். மோட்டார் வைண்டிங் கடைக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் புத்தி. பெரிய ஜீனருக்குள் கெபாசிட்டன்ஸும் (மின்னேற்றத்தைத் தேக்கும் தன்மை) அதிகம். யூஎஸ்பியின் சிக்னல் அதில் முனை மழுங்கிப் போகும். அரை வாட் ஜீனர் இரண்டு, மொத்தம் 3 ரூபாய், மாற்றியதும் கம்ப்யூட்டர் டிங் என்றது.

இப்போதைய நிலைமை வேறு. யூஎஸ்பிஏஎஸ்பி ரெடிமேடாக 300 ரூபாய் பக்கத்தில் கிடைக்கிறது. கிரிஸ்டல், சிப், கனெக்டர், போர்டு என்று தனித்தனியாகச் சில்லறையில் வாங்கினால் அதைவிட அதிகம் வரும். அதனால் காசு மிச்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பல போர்டுகளில் பழைய ஃபர்ம்வேர் (போர்டுக்குள் இருக்கும் நிரல்) இருக்கும், வேகத்தை மாற்ற முடியவில்லை என்று ஏவிஆர்டியூட் என்ற எழுதும் மென்பொருள் எச்சரிக்கும். புது ஏடிமெகா8 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். யூஎஸ்பிஏஎஸ்பியின் வழக்கமான வேகம் அதற்கு அதிகம். 1.5 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே ஓடும் சிப் என்றால் போர்டிலுள்ள மெதுவேக ஜம்பரை இணைத்துவிட வேண்டும். இது தெரியாமல் நல்ல போர்டைக் குறை சொல்கிறவர்கள் நிறைய.

வீட்டில் ஆர்டுயினோ யூனோ என்ற ரெடிமேட் மைக்ரோகன்ட்ரோலர் போர்டு இருந்தால் அதையும் வாங்க வேண்டாம். ஆர்டுயினோஐஎஸ்பி என்ற நிரல் அதன் எடுத்துக்காட்டுகளிலேயே இருக்கிறது. அதை ஏற்றிவிட்டு, 10-ஆவது பின்னிலிருந்து சிப்பின் ரீசெட்டுக்கும், 11, 12, 13-லிருந்து மற்ற மூன்றுக்கும் வயர் இழுத்தால் யூனோவே ப்ரோக்ராமர். நிரலை ஏற்றிய பிறகு யூனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 10 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று போட வேண்டும். போடாவிட்டால் கம்ப்யூட்டர் பேசத் தொடங்கும்போதெல்லாம் யூனோ தன்னையே ரீசெட் செய்துகொள்ளும். ஏற்றுவதற்கு முன்னாலேயே போட்டால் நிரல் ஏறாது. வரிசை முக்கியம்.

யூபிடிஐ என்ற முறையில் எழுதும் புது ஏடிடைனி சிப்களுக்கு இன்னும் எளிது. ஒரே வயர். சாதாரண யூஎஸ்பி-சீரியல் போர்டும் ஒரு 4.7 கிலோஓம் ரெசிஸ்டரும் போதும். 13 வோல்ட்டுக்கு நான் பட்ட பாடு எங்கே, 25 பைசா ரெசிஸ்டர் எங்கே. நியாயமே இல்லை.

அக்கா மகனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "ஒண்ணு வாங்கிக்கோ, அதை வச்சு இன்னொண்ணு செய்" என்று மட்டும் சொன்னேன். செய்யாதே என்று சொல்ல மனம் வரவில்லை. இன்று எங்கள் பகுதியில் பம்ப் கன்ட்ரோலர் போர்டுகளை ரிப்பேர் பார்க்கிறேன். பதில் சொல்லாத சிப்பை எடுத்தவுடன் கழற்றி எறியாமல் கிளாக் கொடுத்துப் பார்க்கும் பழக்கம் அந்த 30 ரூபாய்க் கேபிளில் வந்தது.

அவன் ரெடிமேட் ஒன்றை வாங்கினான். இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை வந்தான், கையில் தானே கட்டிய யூஎஸ்பிஏஎஸ்பி. சால்டரிங் என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது. ஹப்பில் செருகினான். டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு.

"நிரல் சரியா ஏறியிருக்கு மாமா, வாங்கினதை வச்சு வெரிஃபை பண்ணிட்டேன். கிரிஸ்டலும் 12 தான்."

"ஜீனர் என்ன வாட்?"

போர்டைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.

"எழுதலையே மாமா. கொஞ்சம் குண்டா இருக்கு."